ஹானாவின் நஞ்சும் கண்ணாடித் தொட்டியும்: ஓர் எச்சரிக்கையின் வரலாறு

நஞ்சைப் பற்றிய அறிவு மனித அறிவின் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்று எனலாம். எதை உண்ணலாம், எதைத் தொடலாகாது என்பனவற்றை ஒவ்வொரு சமுதாயமும் அனுபவத்தாற் கற்று, கதையாகவும் விலக்காகவும் வழக்காகவும் அடுத்த தலைமுறைக்குக் கையளித்து வந்துள்ளது. இவ்வாறு கையளிக்கப்பட்ட எச்சரிக்கை ஒன்று, அதற்குரிய பொருள் தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்து வணிகப் பண்டமாக மாறியபோது என்னவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட பொருள், மென்மையான கடலுயிரி ஒன்றில் உள்ள பலிதொட்சின் என்னும் நஞ்சு. ஹவாய்த் தீவுகளின் கடற்கரைக் குட்டையொன்றில் தொடங்கும் அதன் வரலாறு, மேலை நாட்டு வீடுகளில் அழகுக்காக வைக்கப்படும் கண்ணாடித் தொட்டிகள் வரை நீள்கின்றது.

ஹானாவின் கதை

ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் மாவுயி என்னுந் தீவின் கீழ்க்கரையில் ஹானா என்னும் பிரதேசம் உளது. அங்கு வழங்கிய பழங்கதை பின்வருமாறு: கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து மீன்பிடிக்கச் சென்றோர் ஒவ்வொருவராகக் காணாமற் போயினர். குன்றின் சரிவிலே பயிர் செய்து தனித்து வாழ்ந்த ஒருவன்மீது ஊரவர் ஐயுற்றனர். அவனைப் பிடித்து மேலாடையைக் களைந்தபோது, முதுகிலே சுறாவின் வாய் இருக்கக் கண்டனர். அவனைக் கொன்று எரித்துச் சாம்பலைக் கடலருகே இருந்த குட்டையொன்றில் வீசினர். அதன் பின்னர் அக்குட்டையில் முளைத்த பாசி நஞ்சாயிற்று. ‘லிமு மாக்கே ஓ ஹானா’, அதாவது ‘ஹானாவின் கொல்லும் பாசி’, என்று அதற்குப் பெயர்.

கதை கற்பனையாயினும் அது காத்து நின்ற செய்தி கற்பனையன்று. ஹவாயின் பண்டை வழக்கங்களைப் பதிவுசெய்த டேவிட் மாலோ என்னும் உள்நாட்டு அறிஞரின் நூல், எமர்சன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1903 இல் வெளிவந்தது. ஹானாவின் முவோலேயா என்ற இடத்திலுள்ள குட்டையில் நச்சுப் பாசி வளர்ந்தது என்பதும், ஈட்டி முனையிற் பூசினால் காயம் உயிரைப் போக்கும் என்பதும் அந்நூலின் குறிப்புகளில் உள்ளன. இவ்வெச்சரிக்கையின் அமைப்பு நோக்கற்பாலது. அது பொருளைப் பெயர் சொல்லிக் காட்டிற்று. இருக்கும் இடத்தைக் குறித்தது. குருதியிற் கலந்தால் விளைவது யாதென உரைத்தது. அவ்விடம் விலக்கப்பட்டதாகவும் இருந்தது. பயன், அபாயம், இடம், விலக்கு ஆகிய நான்கும் ஒரே கதையினுள் அடங்கியிருந்தன.

குட்டையிலிருந்து ஆய்வுகூடத்துக்கு

1961 டிசெம்பர் 31 ஆந் திகதி ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் ஹெல்ப்றிச்சும் அவரது துணைவரும் அக்குட்டையைத் தேடிச் சென்று மாதிரிகளைச் சேகரித்தனர். விலக்கை மீறினால் தீங்கு நேரும் என்று அவர்களுக்குக் கூறப்பட்டிருந்தது. அன்றைய தினமே கோக்கனற் தீவில் இருந்த கடலாய்வுகூடத்தின் பிரதான கட்டடம் தீக்கிரையாயிற்று. இத்தற்செயல் நிகழ்ச்சி பின்னர் இந்நஞ்சைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அடிக்கடி எடுத்துரைக்கப்பட்டது. விஞ்ஞான வரலாற்றில் முக்கியமானது தீ அன்று. கைக்கொண்டு வரப்பட்ட பொருளே. அது பாசி அன்று, விலங்கு எனக் கண்டறியப்பட்டது. முருகைக்கற்களை ஆக்கும் உயிரிகளுக்கும் கடற்சாமந்திகளுக்கும் உறவான, சுண்ணக்கூடு அற்ற, கூட்டமாகப் பாறைமேற் படர்ந்து வாழும் பொலிப்புகள் அவை. அவற்றைச் சோவாந்திட்டுகள் என்பர். ஹானாவின் இனம் 1971 இல் பலிதோவா தொட்சிக்கா என்னும் விஞ்ஞானப் பெயரைப் பெற்றது.

அதே 1971 இல் றிச்சட் மூர், போல் ஷொயர் ஆகிய ஹவாய் இரசாயனவியலாளர் இருவரும் அந்நஞ்சைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டனர். அதன் கட்டமைப்பைத் துணிய மேலும் பத்தாண்டுகள் சென்றன. 1981 இல் ஹவாயில் மூரின் குழுவும், யப்பானின் நாகோயாவில் ஹிராத்தா, உவெமுரா ஆகியோரின் குழுவும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தன. 129 காபன் அணுக்களும் 223 ஐதரசன் அணுக்களும் 3 நைதரசன் அணுக்களும் 54 ஒட்சிசன் அணுக்களும் கொண்ட மாபெரும் மூலக்கூறு அது. புரதம் அல்லாத இயற்கை நஞ்சுகளில் இத்துணைச் சிக்கலானவை அரியன. ஹாவட் பல்கலைக்கழகத்தில் யோஷித்தோ கிஷியின் குழு 1994 இல் அதனைச் செயற்கையாகத் தொகுத்தமை இரசாயனவியலின் அருஞ்செயல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

இந்நஞ்சு செயற்படும் முறையும் தெளிவாயிற்று. விலங்குக் கலங்களின் மென்சவ்வில் சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் பம்பி ஒன்று உண்டு. பலிதொட்சின் அப்பம்பியைப் பற்றிக்கொண்டு, அதனைத் திறந்து கிடக்கும் வாய்க்காலாக மாற்றிவிடுகின்றது. கலம் பெருமுயற்சியாற் பேணிவந்த சமநிலை உடனே குலைகின்றது. தசைகளும் இருதயமும் குருதிக் கலங்களும் பாதிக்கப்படுகின்றன. இதற்கென மாற்று மருந்து இல்லை; அறிகுறிகளுக்கேற்ற சிகிச்சையே அளிக்கப்படுகின்றது.

இவ்வாறு ஆய்வுகூடத்தின் அறிவு கதையின் அறிவைவிடப் பன்மடங்கு நுட்பமாயிற்று. ஆயின் அது ஆய்விதழ்களில் வாழ்ந்த அறிவு. கரையில் வாழ்ந்தவனுக்குக் கதை சொன்னதைப்போல, அவ்வுயிரியைக் கையில் எடுக்கப்போகும் மனிதனுக்கு அது எதனையும் சொல்லவில்லை.

பாறை வீட்டுக்கு வந்தமை

கடலைக் கண்ணாடிக்குள் அடக்கும் ஆசை பத்தொன்பதாம் நூற்றாண்டினது. 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான நீர்வாழ் உயிரினக் காட்சியகம் திறக்கப்பட்டது. மறுவருடம் பிலிப் கொஸ் என்னும் இயற்கையியலாளரின் நூல் இப்பொழுதுபோக்கை இங்கிலாந்தின் இல்லங்கள் தோறும் பரப்பிற்று. எனினும் வெப்பவலயக் கடலின் முருகைகளை வீட்டில் உயிரோடு வைத்திருத்தல் நெடுங்காலம் கைகூடவில்லை. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறைத் துண்டுகளைத் தொட்டியில் இட்டு, காற்றை மட்டும் செலுத்தி, நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் முறையை ஒரு சஞ்சிகையில் விளக்கினார். அது 1961 ஆம் ஆண்டு. ஹானாவின் குட்டையிலிருந்து முதன்முதலாக மாதிரி எடுக்கப்பட்ட அதே ஆண்டு.

பின்வந்த பத்தாண்டுகளில் ஒளிவிளக்குகளும் வடிகட்டும் கருவிகளும் செயற்கைக் கடலுப்பும் மேம்பட, முருகைத் தொட்டி வளர்த்தல் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலரின் பொழுதுபோக்காயிற்று. உயிருள்ள பாறை வணிகப் பண்டமாயிற்று. அப்பாறையோடு ஒட்டிக்கொண்டு, எவரும் கேளாமலே, பலிதோவாக்களும் வந்தன. அவற்றின் நெருங்கிய உறவினரான வண்ணமிகு சோவாந்திட்டுகள் விரும்பி வாங்கப்பட்டு, கவர்ச்சிப் பெயர்கள் சூட்டப்பட்டு, பொலிப்புக் கணக்கில் விற்கப்பட்டன. எளிதில் வளர்வன, எளிதிற் பெருகுவன ஆகையால் புதியோருக்கு ஏற்றவை என்றும் பரிந்துரைக்கப்பட்டன.

இங்கேதான் எச்சரிக்கையின் சங்கிலி அறுந்தது. ஹானாவில் உயிரியும் அதன் கதையும் ஒரே இடத்தில் இருந்தன. கடைக்கு வந்த உயிரிக்கு ஊரும் இல்லை, கதையும் இல்லை. வாங்குவோன் கண்டது நிறத்தையும் விலையையுமே.

ஆவியும் வெட்டுக்காயமும்

2007 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர், தமது தொட்டியில் தாம் இடாமலே புகுந்து பெருகிய சோவாந்திட்டுகளை ஒழிக்க எண்ணிக் கொதிநீரைப் பாறைமேல் ஊற்றினார். எழுந்த ஆவியைச் சுவாசித்ததும் கடும் சுவாச நோய்க்கு ஆளானார். அத்தொட்டியின் உயிரிகளைச் சோதித்தபோது பெருமளவு பலிதொட்சின் காணப்பட்டது. ஜேர்மனியில் ஒருவர் விரலில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தின் வழியாக நஞ்சேறிய செய்தி 2008 இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. 2012 க்கும் 2014 க்கும் இடையில் அலாஸ்காவின் வீடுகளிலும் கடைகளிலும் இந்நஞ்சைச் சுவாசித்ததாக ஐயுறப்பட்டோரைப் பற்றி அந்நாட்டின் நோய்த்தடுப்பு நிலையம் 2015 இல் அறிக்கையிட்டது. வாயில் கசந்த உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், தசைநோ, சோர்வு என்பன அவர்களிடம் காணப்பட்ட அறிகுறிகள். சளிக்காய்ச்சல் என்று எவரும் எளிதில் எண்ணிவிடக் கூடியவை இவை.

இவற்றுள் மிக முக்கியமானது, ஜொனதன் டீட்ஸ் என்பவரும் அவரது சகாக்களும் 2011 இல் வெளியிட்ட ஆய்வாகும். கொடிய நஞ்சுடைய இனங்கள் கடைகளில் விற்கப்படுவதில்லை என்பதே அதுவரை நிலவிய பொதுவான நம்பிக்கை. வாஷிங்ரன் நகரை அண்டிய கடைகளில் வாங்கிய மாதிரிகளை அவர்கள் சோதித்தனர். சிலவற்றில் நஞ்சே காணப்படவில்லை. சிலவற்றில் சிறிதளவு இருந்தது. சிலவற்றிலோ ஒரு கிராமில் மில்லிகிராம் கணக்கில் இருந்தது. எலிகளுக்கு உயிராபத்தான அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒரு மைக்கிரோகிராமிலும் குறைவு என்பதை நினைவிற் கொண்டால் இவ்வளவின் பாரதூரம் விளங்கும். கடைக்காரரின் பெயரிடுதலும் வாங்குவோனின் கண்ணும் நச்சுடையதையும் நச்சற்றதையும் பிரித்தறியப் போதியன அல்ல என்பதே இங்கு பெறப்படும் உண்மை.

பத்திரிகைகளின் பங்கு

இந்நஞ்சு பொதுமக்களின் செவிக்கு எட்டியது பெரும்பாலும் பத்திரிகைகள் வாயிலாகவே. 2018 மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்சயரில் ஸ்ரிவென்ரன் என்னும் கிராமத்தில், தொட்டியைச் சுத்தம் செய்த வேளை நஞ்சு வெளிப்பட்டு, வீட்டாரும் உதவிக்கு விரைந்த தீயணைப்புப் படையினருமாகப் பத்துப் பேர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். செய்தி உலகெங்கும் பரவிற்று. ‘கொல்லும் முருகை’, ‘உலகின் இரண்டாவது கொடிய நஞ்சு’ என்ற பாணியில் எழுதுவது இத்தகைய செய்திகளில் வழக்கமாகிவிட்டது.

இவ்வகை எழுத்து முற்றிலும் பொய் அன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. நஞ்சின் வலிமை எலியின் உடலில் ஊசியால் ஏற்றி அளக்கப்பட்டது. தொட்டிக்கு அருகில் அமர்ந்திருப்பவன் அதே ஆபத்தில் இருக்கின்றான் என்பது அதனாற் பெறப்படாது. உயிரி நீருக்குள் அமைதியாக இருக்கும்போது நஞ்சு அதன் உடலினுள்ளேயே பெரும்பாலும் இருக்கின்றது. கொதிக்க வைத்தல், தேய்த்துச் சுரண்டுதல், அமுக்க நீரைப் பீச்சுதல், காயமுள்ள கையால் வெட்டுதல் என மனிதன் செய்யும் செயலே அதனைக் காற்றிலும் குருதியிலும் சேர்க்கின்றது. கொதிநீரால் அழியாத இந்நஞ்சு வெளிற்றும் குளோரீன் கரைசலாற் செயலிழக்கும் என்பதையும், கையுறையும் கண்காப்பும் அணிதல் வேண்டும் என்பதையும், பாறையை ஒருபோதும் கொதிக்க வைத்தலாகாது என்பதையும் தலைப்புச் செய்தி சொல்வதில்லை. வாசகன் அச்சத்தைப் பெறுகின்றான். செய்யத் தகாததை அறிகின்றானில்லை.

மறுபுறத்தில், பல்லாண்டுகள் தீங்கின்றித் தொட்டி வளர்த்தோர் இச்செய்திகளை மிகையெனத் தள்ளிவிடுகின்றனர். அவர்கள் அனுபவமும் பொய் அன்று. தம் தொட்டியிலுள்ளவை நஞ்சற்றனவாக இருந்திருக்கலாம். அன்றி அவற்றைக் கொதிக்க வைக்கும் சந்தர்ப்பம் நேராதிருக்கலாம். ஆயின் ஒருவனுடைய தொட்டி மற்றொருவனுடைய தொட்டிக்குச் சான்றாகாது என்பதை 2011 இன் ஆய்வு காட்டியுள்ளது. மிகையான அச்சம் இகழ்ச்சியை வளர்க்கின்றது. இகழ்ச்சி அடுத்த விபத்துக்கு இடமளிக்கின்றது. அவ்விபத்து மீண்டும் மிகையான செய்தியாகின்றது. இவ்வட்டத்தின் நடுவே நிற்பவர் வீட்டிலுள்ள குழந்தைகளும், காரணம் அறியாது சளிக்காய்ச்சலுக்கு மருந்து எழுதும் வைத்தியருமே.

முடிவாக

ஹானாவின் மக்களுக்கு மூலக்கூறு தெரியாது, பம்பி தெரியாது, அவ்வுயிரி விலங்கு என்பதும் தெரியாது. ஆயினும் அவர்களின் எச்சரிக்கை, உரிய இடத்தில் உரிய மனிதனை உரிய வேளையில் எட்டிற்று. நம் காலத்தில் மூலக்கூறின் ஒவ்வோர் அணுவும் தெரியும். ஆயின் அவ்வறிவு ஆய்விதழில் ஒரு பாதியும் தலைப்புச் செய்தியில் ஒரு பாதியுமாகச் சிதறிக் கிடக்கின்றது. அவ்விரண்டும் சென்று சேராத இடம், உயிரி கைமாறும் கடைமேசை. விற்பவன் வாங்குவோனுக்குச் சொல்லும் நான்கு வாக்கியங்கள், விபத்தின் பின் அச்சாகும் நாற்பது பத்திகளைவிடப் பயனுடையவை.

பழங்கதைகளை மூடநம்பிக்கை என ஒதுக்குவதும், அவற்றை விஞ்ஞானத்துக்கு ஈடாகப் போற்றுவதும் ஒருங்கே தவறாகும். கதையிலிருந்து நாம் கொள்ள வேண்டியது சுறாவாய் மனிதனை அன்று. அறிவை, அது தேவைப்படுபவனின் கைக்கெட்டும் இடத்தில் வைத்த ஒழுங்கினையே. பொருளைக் கடல் கடந்து கொண்டுவரும் வணிகம், அதனோடு பிறந்த எச்சரிக்கையையும் சேர்த்துக் கொண்டுவரும் பொறுப்பை ஏற்கும்வரை, ஹானாவின் குட்டை எந்த வீட்டிலும் இருக்கலாம்.