முதலீட்டுத் துறையிலிருந்து வியூக ஆலோசனைக்கு மாறுதல்

பங்கு ஆய்வு, மியூச்சுவல் ஃபண்ட், முதலீட்டு வங்கி, தனியார் பங்கு முதலீட்டு நிதி ஆகியவற்றில் வேலை பார்த்தவர்கள், நிறுவனத் தலைமைக்கு நீண்டகால முடிவுகளில் வழிசொல்லும் ஆலோசனை நிறுவனங்களில் சேர்வதே இந்தப் பணிமாற்றம். சென்னையில் இப்படி மாறுகிறவர்கள் பேச்சில் இதைக் ‘கன்சல்டிங்குக்குப் போவது’ என்பார்கள். மெக்கின்சி, பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெயின் ஆகிய மூன்றும் உலகளவில் இத்துறையின் முன்வரிசை நிறுவனங்கள்.

இரு தொழிலுக்கும் மூலப்பொருள் ஒன்றே: ஆண்டறிக்கை, போட்டியாளர் நிலவரம், தேவைக் கணிப்பு, எக்செல் தாள். வேறுபாடு முடிவு எடுக்கும் இடத்தில் இருக்கிறது. முதலீட்டாளருக்கு வெளியேறும் வாசல் எப்போதும் திறந்திருக்கும். பிடிக்காத பங்கை விற்றுவிடலாம். ஆலோசகரை அழைத்த நிறுவனத்துக்கு அந்த வாசல் பெரும்பாலும் இல்லை. ஆலையும் தொழிலாளர்களும் கடனும் அங்கேயேதான் இருக்கும். மாறி வருபவர்கள் முதலில் திணறுவது இந்த இடத்தில்தான்.

தோற்றம்

வியூக ஆலோசனை பிறந்ததே ஒரு வங்கிக்குள் என்பது பலருக்கும் தெரியாது. 1963இல் புரூஸ் ஹெண்டர்சன், பாஸ்டன் சேஃப் டெபாசிட் அண்ட் டிரஸ்ட் என்ற வங்கியின் ஆலோசனைப் பிரிவாகத் தொடங்கியதுதான் பிற்காலத்து பாஸ்டன் கன்சல்டிங் குரூப். செல்வந்தர்களின் சொத்தைப் பராமரித்த வங்கி அது. 1970இல் ஹெண்டர்சன் முன்வைத்த நான்கு கட்டப் படம் இன்றும் மேலாண்மை வகுப்புகளில் தவறாமல் வரைந்து காட்டப்படுகிறது. ஒரு நிறுவனம் நடத்தும் பல தொழில்களை, ஒருவர் கையிலுள்ள பல பங்குகளைப் போல வைத்துப் பார்ப்பதே அதன் அடிப்படை. பணம் கொட்டும் தொழிலிலிருந்து எடுத்து, வளரும் தொழிலில் போடு. இரண்டும் இல்லாததைக் கைவிடு. முதலீட்டாளரின் புத்தியை ஆலைக்குள் கொண்டுவந்த படம் அது. அதன் குறையும் அங்கிருந்தே வருகிறது. கைவிட வேண்டிய கட்டத்தில் விழுந்த தொழிலை எப்படித் தூக்கி நிறுத்துவது என்பது பற்றிப் படம் அதிகம் பேசுவதில்லை.

வங்கியாளர்கள் ஆலோசகர்களான வேறு இரு நிகழ்வுகளும் உண்டு. வெல்ஸ் ஃபார்கோ வங்கியிலிருந்து வந்தவர்கள் 1978இல் மராக்கன் நிறுவனத்தைத் தொடங்கினர். சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் இருந்த ஜோயல் ஸ்டெர்ன் 1982இல் பென்னட் ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து ஸ்டெர்ன் ஸ்டூவர்ட்டைத் தொடங்கினார். லாபக் கணக்கில் கடனுக்கு வட்டி கழிக்கிறோம். பங்குதாரர் போட்ட பணத்துக்கும் ஒரு விலை உண்டே, அதையும் கழித்தால் மிஞ்சுவது என்ன என்பது ஸ்டெர்னின் கேள்வி. ‘இவிஏ’ என்று சுருக்கமாக வழங்கும் இந்த அளவுகோல் 1990களின் இறுதியில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வரை வந்து சேர்ந்தது. எதிர்த்திசைப் பயணமும் உண்டு: 1973இல் தோன்றிய பெயின் ஆலோசனை நிறுவனத்தின் பங்காளிகள் 1984இல் பெயின் கேப்பிடல் என்ற முதலீட்டு நிதியைத் தொடங்கினர்.

மறைமலை நகர் எடுத்துக்காட்டு

இரு பார்வைகளின் வேறுபாட்டைக் காண அமெரிக்கா போக வேண்டியதில்லை. சென்னை–செங்கல்பட்டு மார்க்கத்தில் காட்டாங்குளத்தூருக்கு அடுத்த ரயில் நிலையம் மறைமலை நகர். அங்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நிற்கும் ஃபோர்டு ஆலையின் கதை போதும்.

ஃபோர்டு 1995இல் மகிந்திராவுடன் கூட்டாக இந்தியாவில் மீண்டும் கால் வைத்தது. 1996இல் எஸ்கார்ட், 1999இல் ஐகான் என்று நடுத்தர வகைக் கார்களை முதலில் இறக்கியது. அதே சென்னையின் மறுபக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோ என்ற சிறிய காருடன் தொடங்கியது. ஃபோர்டு சிறிய காரான ஃபிகோவைக் கொண்டுவர 2010 ஆனது. 2013இல் வந்த இகோஸ்போர்ட் நன்றாக விற்றது. ஆனால் 2015இல் குஜராத்தின் சானந்தில் இரண்டாவது ஆலையும் திறக்கப்பட்டதால் விற்கும் கார்களின் அளவை விட ஆலைத்திறன் பெருகிவிட்டது. மகிந்திராவுடன் திட்டமிட்ட புதிய கூட்டு 2020 இறுதியில் கைவிடப்பட்டது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் செயல்பாட்டு நட்டம் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. மறைமலை நகரில் 2022இல் உற்பத்தி நின்றது. சானந்த் ஆலை டாடா மோட்டார்ஸின் துணை நிறுவனத்துக்கு 725.7 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது.

இதுவரை உள்ளது முதலீட்டாளரின் பக்கம். போட்ட பணம், வந்த வருவாய், மூடும் செலவு, விற்பனை விலை ஆகியவற்றைக் கூட்டிக் கழித்தால் ‘வெளியேறு’ என்ற விடை சுலபமாகவே வந்துவிடும். அந்த விடையில் பிழை இருந்ததாகவும் சொல்ல முடியாது.

ஆலோசகருக்கு வேலை தொடங்குவது அதற்குப் பிறகு. மறைமலை நகர் ஆலை சானந்தைப் போல விலைபோகவில்லை. ஆண்டுக்கு 2 லட்சம் கார்கள் செய்யும் ஆலை, எஞ்சின் பிரிவு, சுற்றிலும் உதிரிபாக நிறுவனங்கள், பக்கத்தில் துறைமுகம்: இவற்றைக் கொண்டு என்ன செய்யலாம்? உள்நாட்டில் விற்க முடியாவிட்டால் ஏற்றுமதிக்கு மட்டும் செய்தால் கணக்கு தேறுமா? காரா, எஞ்சினா? 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக ஆலையைப் பயன்படுத்தும் விருப்பத்தை ஃபோர்டு தமிழ்நாடு அரசிடம் எழுத்து மூலம் தெரிவித்தது. 2025 அக்டோபர் இறுதியில், அங்கே புதிய தலைமுறை எஞ்சின்கள் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீடு என்ற அறிவிப்பு வந்தது. ‘விற்காதே, வேறு வேலைக்குத் திருப்பு’ என்ற விடைக்கு வந்து சேர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. பங்குச் சந்தையில் நான்கு ஆண்டு காத்திருக்கும் ஆய்வாளருக்கு வேலை இருக்காது.

சென்னைச் சூழல்

சென்னையின் முதலீட்டு மரபு பழையது. இங்கே 1937இல் தொடங்கிய பங்குச் சந்தை 2015இல் மூடப்பட்டது. இந்தியாவின் முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்டான கோத்தாரி பயனீர் 1993இல் தொடங்கியதும் இந்நகரில்தான். 2002இல் அது ஃபிராங்க்ளின் டெம்பிள்டனிடம் போனது. ஆனால் பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் நாற்காலிகள் மும்பைக்குப் போய்ச் சேர்ந்தன. சென்னைக்குக் கிடைத்தது ஆய்வு வேலை. அயல்நாட்டு முதலீட்டு வங்கிகளுக்காகச் சென்னையிலிருந்து பங்கு ஆய்வு செய்துகொடுத்த இரெவ்னா நிறுவனத்தை கிரிசில் 2005இல் வாங்கியது. காட்டாங்குளத்தூர், பொத்தேரி கல்லூரிகளில் நிதிப்பாடம் படித்து வெளிவரும் மாணவர் ‘முதலீட்டுத் துறை’ என்று நுழையும் இடம் பெரும்பாலும் இத்தகைய ஆய்வு மையம்தான். நியூயார்க்கில் ஒருவர் எடுக்கப்போகும் முடிவுக்கு இங்கே தாள் நிரப்பும் வேலை அது. கன்சல்டிங்கின் மீது வரும் ஆசையில் பாதி, தன் கணக்கு எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கும் ஆசை.

நுழைவு

சேர்க்கை இரு வழிகளில் நடக்கிறது: எம்.பி.ஏ. முடித்து வளாகத் தேர்வில் சேர்வது, அல்லது அனுபவத்துடன் நேரடியாகச் சேர்வது. இரண்டாவது வழியில் வருபவர் ஒரு படி இறங்கித்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஆறு ஆண்டு பங்கு ஆய்வு, ஆறு ஆண்டு ஆலோசனையாகக் கணக்கிடப்படாது. வாங்கப்போகும் நிறுவனத்தின் சந்தையையும் போட்டியையும் முதலீட்டு நிதிகளுக்காக ஆராய்ந்து சொல்லும் பிரிவு இவர்களுக்கு எளிய நுழைவாயில். அங்கே கேட்கும் வாடிக்கையாளரும் முதலீட்டாளரே.

தேர்வின் மையம் ‘கேஸ் இன்டர்வியூ’. பொத்தேரியைச் சுற்றியுள்ள மாணவர் விடுதிகளின் சந்தை எவ்வளவு என்று கேட்கப்படுவதாகக் கொள்வோம். வெளியில் தங்கும் மாணவர் 20,000, மாத வாடகை 8,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம் என்று வைத்தால் 160 கோடி ரூபாய். முதலீட்டுத் துறையினர் இதுவரை சரளமாக வருவர். லாப விகிதமும் சொல்லிவிடுவர். அடுத்த கேள்வி வரும்: ‘உங்கள் விடுதியில் பாதி அறை காலி, என்ன செய்வீர்கள்?’ காலி அறை என்றால் மதிப்பைக் குறைத்துப் போடுவது அவர்களுக்குப் பழகிய அனிச்சை. சாப்பாடா, தண்ணீரா, இரவு வாசல் பூட்டும் நேரமா என்று காரணம் தேட ஆரம்பிப்பவர் தேறுகிறார்.

தகவல் ஒழுக்கம்

நிறுவனத்தின் உள்விவரம் முதலீட்டாளருக்கு எட்டாதது; ஆலோசகருக்கு அன்றாடம் கையில் கிடைப்பது. இரு உலகமும் தவறான முறையில் கைகோத்ததற்கு மிகப் பெரிய சான்று, கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் நடத்திய கேலியன் நிதியின் வழக்கு. 2009 அக்டோபரில் அவர் கைதானார். மெக்கின்சியின் மூத்த பங்காளி அனில் குமார், தம் வாடிக்கையாளரான ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.டி.ஐ.யை வாங்கவிருந்த செய்தி உள்ளிட்டவற்றை அவருக்குக் கொடுத்ததாக 2010 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ராஜரத்தினத்துக்கு 2011இல் 11 ஆண்டு சிறை. மெக்கின்சியின் முன்னாள் தலைவர் ரஜத் குப்தா, கோல்டுமேன் சாக்ஸ் இயக்குநராகப் பெற்ற தகவலைக் கசியவிட்டதற்காக 2012இல் தண்டிக்கப்பட்டார். இந்தியாவில் உள்தகவலை வைத்துப் பங்கு வணிகம் செய்வதைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. மாறி வருபவர் தம் பங்குகளை அறிவிக்க வேண்டும். பல பங்குகளைத் தொடவே கூடாது. சந்தையிலேயே வாழ்ந்தவர்களுக்குச் சம்பளக் குறைப்பை விட இது உறுத்தும் என்று தோன்றுகிறது.

இந்திரா நூயி

சென்னையோடு தொடர்புடைய மிகப் புகழ்பெற்ற வியூக ஆலோசகர் முதலீட்டுத் துறையிலிருந்து வந்தவர் அல்லர். தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் அறிவியல் படித்த இந்திரா நூயி, 1976இல் கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் மேலாண்மைப் படிப்பை முடித்தார். மேட்டூர் பியர்ட்செல், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனங்களில் பொருள் விற்பனை கற்று, யேல் சென்று, 1980இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் சேர்ந்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் மோட்டோரோலா, பிறகு ஏ.பி.பி., 1994இல் பெப்சிகோவின் வியூகப் பொறுப்பு. 1997இல் பீட்சா ஹட், கே.எஃப்.சி., டாகோ பெல் உணவகங்களைப் பிரித்துவிட்டதிலும், 1998இல் டிராபிகானாவையும் 2001இல் குவேக்கர் ஓட்ஸையும் சேர்த்துக்கொண்டதிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. எதை விற்பது, எதை வாங்குவது என்ற முதலீட்டாளர் கேள்விகளுக்கு, வாங்கிய பின் நடத்த வேண்டியவரின் இடத்தில் அமர்ந்து அவர் விடை சொன்னார். 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தார்.