கர்லாக்கட்டைச் சுழற்சி

பிடி மெலிந்தும் அடி பருத்தும் கடைந்தெடுத்த வைரம் பாய்ந்த மரக்கட்டையை, நின்றநிலையில் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் சுழற்றிச் செய்யும் தேகாப்பியாசம். மற்போர்க் கூடங்களிலும் சிலம்பக் கூடங்களிலும் தண்டால், பஸ்கி ஆகியவற்றோடு பயிலப்பட்ட இது, கைக்கர்லா, புஜகர்லா, குஸ்திகர்லா எனக் கட்டையின் அளவுக்கேற்ப வகைப்படும். ஆங்கிலப் பட்டாளத்தார் வழியே 19-ஆம் நூற்றாண்டில் மேனாடு சென்ற இவ்வகைச் சுழற்சி, 1904-இல் செயின்ட் லூயியிலும் 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒலிம்பிக் போட்டியாகவே இடம்பெற்றது.

கையை விலாவோரத்திலிருந்து உச்சிக்கு நேராக உயர்த்துங்கால் நிகழும் ஏறத்தாழ 180 பாகைப் பெயர்ச்சியில், மூன்றில் இரண்டு பங்கு தோள்மூட்டிலும், எஞ்சியது தோட்பட்டை எலும்பு மார்புக்கூட்டின்மேல் வழுக்கித் திரும்புவதிலும் பிறப்பதாகையால், முதுகு கூனித் தோட்பட்டை முன்சாய்ந்தவர்கள் அக்குறையை இடுப்பை முன்தள்ளியும் கீழ்முதுகை வளைத்துமே ஈடுசெய்வர். பார்ப்பவர்க்குக் கை உயர்ந்ததாகத் தோன்றும். உண்மையில் வளைந்தது முதுகே. கர்லாவின் பிரயோசனம் இங்குதான் விளங்கும்: முதுகுப்புறம் தொங்கும் கட்டையின் பாரம் தோளை இளக்கித் திறக்கும் அதே கணத்தில் உடலைப் பின்னுக்கும் பக்கவாட்டிலும் இழுக்க, அடிவயிற்றையும் பிட்டத்தசைகளையும் இறுக்கி இடுப்பை ஸ்திரமாக நிறுத்தினாலன்றிச் சுற்று வட்டமாக அமையாது. காலை எடுத்துவைத்துச் சுழற்றுவோர்க்கு, ஒற்றைக்காலில் நிற்கும் கணத்தில் இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் தாங்கும் நடுப்பிட்டத்தசையும் பயிற்சி பெறும்.

1956-இல் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி எழுந்த நெய்வேலி நகரியத்தில், ராட்சத வெட்டு இயந்திரத்தின் அறையில் ஷிப்டு முழுதும் அமர்ந்திருப்பவருக்கும், அண்ணாந்து கையுயர்த்திப் பழுது பார்ப்பவருக்கும் இவ்வப்பியாசம் ஒருங்கே பொருந்தும். முன்னவர்க்கு இறுகுவது இடுப்பின் முன்தசை, பின்னவர்க்குக் களைப்பது தோள்.

தொடங்குவோர் சுவரில் முதுகும் பிடரியும் படிய நின்று, விலா எலும்புகள் முன்பிதுங்காமல் வெறுங்கையை உயர்த்தப் பழகியபின், இலேசான கட்டையை ஒவ்வொரு கையாலும் மெதுவாகச் சுழற்றலாம். கனத்த கட்டையை முதல்நாளே தூக்குவது வீம்பேயன்றி வீரமன்று. முன்பு தோள் நழுவியவரும், கையுயர்த்தும்போது வலியுடையவரும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. குவார்ட்டர்ஸின் கூடத்தில் மின்விசிறி தலைக்குமேல் சுழல்வதால், தோட்டத்தில் நின்று பயில்வதே உசிதம்.