வாழைமர நோட்டும் வாங்கிய கடனும்

சேத்தியாத்தோப்பை அடுத்த சிற்றூர் ஒன்றில், பினாங்கில் கடை வைத்திருந்த சபுராளி ஒருவரின் பேரர்கள் சில ஆண்டுகளுக்கு முன் தம் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டினர். அப்போது தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதனுள் ஜப்பானியர் மலாயாவில் வெளியிட்ட பத்து வெள்ளி நோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. செய்தி அறிந்து நெய்வேலி நகரியத்திலிருந்து வந்த நாணயச் சேகரிப்பாளர் அவற்றை விலைக்குக் கேட்டார். பெட்டியின் அடியில் அரபுத்தமிழில் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றும் கிடந்தது. வீட்டில் எவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. அதற்காகவே என்னை அழைத்தனர்.

சீட்டில் நான்கு பெயர்களும் அவற்றுக்கு நேரே தொகைகளும் இருந்தன. ஹிஜ்ரி 1363 என்ற ஆண்டு மட்டும் குறிக்கப்பட்டிருந்தது, மாதம் இல்லை. கடையில் வேலை செய்தோரும் அக்கம்பக்கத்துக் கூலியாட்களும் தம் சேமிப்பைக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பது அக்காலத்து வழக்கம். ‘இந்தப் பணம் நாங்கள் விற்கத் தக்கதா? பாட்டனாரின் கடன் இன்னும் நிற்கிறதா?’ என்று மூத்த பேரர் கேட்டார். சேகரிப்பாளரின் வினா நோட்டின் விலை பற்றியது. பேரரின் வினா நோட்டு செத்த பின்னும் சாகாத ஒன்றைப் பற்றியது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானிய ஆட்சி புழக்கத்திற்கு விட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்ததால், அந்தப் பணம் முழுவதற்குமே வாழைப் பெயர் நிலைத்தது. கொண்டுவருபவருக்குத் தொகையைத் தருவதாக ஜப்பானிய அரசு உறுதி கூறும் ஆங்கில வாசகம் அதில் உண்டு. தொடக்கத்தில் வரிசை எண் இருந்தது. பின்னர் எண்ணைக் கைவிட்டு, மலாயாவைக் குறிக்கும் ‘எம்’ என்ற எழுத்துடன் தொடங்கும் குறியீட்டை மட்டும் அச்சிட்டனர். எண்ணுள்ளவை அரிதானவை என்பதால் சேகரிப்பாளர் அவற்றையே தேடுவர். எண்ணற்ற நோட்டு எண்ணின்றியே பெருகிற்று எனலாம்! பின்னாளில் நூறு வெள்ளி, ஆயிரம் வெள்ளி நோட்டுகளும் வந்தன. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை நிர்வாகம் திரும்பியதும் இந்தப் பணம் செல்லாது என்றாயிற்று.

சேகரிப்பாளர் தம் ஏட்டில் இதற்கு அடுத்த பக்கத்தில் வைத்திருந்தவை ஜெர்மானிய நோட்டுகள். 1914இல் போர் தொடங்கியதும் மக்கள் உலோகக் காசுகளைப் பதுக்க, சில்லறைத் தட்டுப்பாட்டைப் போக்க நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் தாமே சீட்டு அச்சிட்டன. அதை அந்நாட்டார் ‘நோட்கெல்ட்’, அதாவது நெருக்கடிப் பணம் என்றனர். பீலஃபெல்ட் நகரம் பட்டுத்துணியிலும் அச்சிட்டது. பின்னர் சேகரிப்போருக்கு விற்பதற்கென்றே வண்ண வரிசைகள் வெளிவந்தன. (நம் நாட்டிலும் இரண்டாம் உலகப் போரின்போது ஜூனாகட், பிகானேர், பூந்தி போன்ற சமஸ்தானங்கள் சில்லறைக்கு அட்டைச் சீட்டுகள் வெளியிட்டதுண்டு.) 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலர் 4.2 லட்சம் கோடி மார்க்குக்குச் சமமாயிற்று. புதிதாக வந்த ரென்டன்மார்க் ஒன்றுக்கு ஒரு லட்சம் கோடி பழைய மார்க் என்று கணக்கிடப்பட்டது.

அங்கும் கடன் பற்றிய வினா எழுந்தது. வீட்டை அடகு வைத்தவர், ஒரு ரொட்டிக்கும் போதாத காகிதத்தைக் கொடுத்து அடகை மீட்கலாமா? மார்க் என்றால் மார்க்தான் என்றிருந்த ஜெர்மன் உச்ச நீதிமன்றம், 1923 நவம்பர் 28இல் அந்நிலையைக் கைவிட்டது. 1925 ஜூலைச் சட்டம் பழைய அடமானக் கடன்களைப் பொன் மதிப்பில் நூற்றுக்கு 25 என்ற அளவில் மீட்டளித்தது. மலாயாவில் 1948இல் வந்த கடனாளி-கடனீந்தோர் சட்டம், ஆக்கிரமிப்புக் காலக் கடன்களை அவை ஏற்பட்ட காலத்திற்கேற்ப இறங்குமுக அட்டவணையால் மதிப்பிட்டது.

நம் சட்ட மேதைகள் இவ்வினாவைப் பல நூற்றாண்டுகள் முன்பே எதிர்கொண்டனர். ‘ஃபுலூஸ்’ எனப்படும் செப்புக்காசு வழக்கத்தினால் மட்டுமே பணமாக நின்றது. அதைக் கடன் வாங்கியபின் அது புழக்கம் இழந்தால்? அதே வகைக் காசைத் திருப்பினால் போதும், புழக்கம் என்பது காசின்மேல் வந்த கூடுதல் தன்மையே என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கடன் பெற்ற நாளின் மதிப்பைத் தருக என்றார் அபூயூசுஃப் (ரஹ்). புழக்கத்தில் இருந்த கடைசி நாளின் மதிப்பைத் தருக என்றார் முஹம்மது (ரஹ்). இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், ஆட்சியாளர் நாணயத்தைச் செல்லாததாக்கினாலும் கொடுத்ததற்கு ஒத்ததே உரியது என்றார்கள். 1836இல் மறைந்த திமிஷ்க் நகர் இப்னு ஆபிதீன் (ரஹ்) ‘தன்பீஹுர் ருகூத்’ என்ற தனிச் சிறுநூலில் இக்கருத்துகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். அபூயூசுஃபின் சொல்லும் ஜெர்மன் நீதிமன்றத்தின் மனமாற்றமும் ஒரே திசையில் செல்வது கருதத்தக்கது. எனினும் முன்னவர் பெற்ற நாளின் முழு மதிப்பையும் கேட்கிறார். ஜெர்மன் சட்டமோ கால் பங்கோடு நின்றுவிட்டது.

இவை யாவும் கடனுக்குரியவை. ஒருவர் முடிந்து கொடுத்ததை அப்படியே பெட்டியில் பூட்டி வைத்தால் அது அமானிதம். அந்த நோட்டையே திருப்பித் தர வேண்டும், செல்லாமற்போனதற்குக் காத்தவர் பொறுப்பல்லர். அவரது இசைவுடன் வாணிபத்தில் கலந்து செலவிட்டிருந்தால் அது கடன். எனவே பேரருக்கு நான் முதலில் சொன்னது: நோட்டுக்கட்டுகளை எண்ணுங்கள். சீட்டின் தொகைகளோடு கட்டுகள் ஒத்தால் அமானிதம் என்று கொள்ள இடமுண்டு.

எண்ணினோம். இரண்டு பெயர்களுக்கு உரிய தொகை தனித்தனி நூல் கட்டில் சரியாக இருந்தது. மற்ற இரு பெயர்களுக்கு நோட்டு இல்லை. ஒன்றன் அருகில் மட்டும் ‘தீர்ந்தது’ என்று பிந்திய மையில் எழுதியிருந்தது. எஞ்சிய ஒருவருக்கே கடன் என்ற ஐயம் நிற்கிறது. அபூயூசுஃபின் கூற்றைக் கொள்வதானால் பெற்ற நாள் வேண்டும். ஹிஜ்ரி 1363 என்பது 1943 டிசம்பர் இறுதி முதல் 1944 டிசம்பர் நடுப்பகுதி வரையிலான காலம். அந்த ஓராண்டுக்குள் அப்பணத்தின் மதிப்பு வெகுவாகச் சரிந்துவிட்டதால், மாதம் தெரியாமல் தொகையை நிர்ணயிக்க இயலாது. நடுத்தரமாக ஒரு மதிப்பு வைத்து வாரிசுகளோடு சமரசம் செய்து கொள்வதே வழி என்றேன். குடும்பத்தார் ஒப்பினர்.

கட்டிய நோட்டுகள் இரண்டு குடும்பத்துக்கு உரியவை. விற்க வேண்டாம் என்று சேகரிப்பாளரிடம் கூறிவிட்டனர். அவரும் வருந்தவில்லை, சீட்டைப் படமெடுத்துக் கொள்ள மட்டும் கேட்டார். நான்காவது பெயருக்கு நேரே கொள்ளிடக் கரை ஊர் ஒன்றின் பெயர் உள்ளது. அவ்வூர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு எழுதியிருக்கிறோம்.