கடாரத்து வீதிகளில் குடும்ப வேன்

மலேசியாவின் கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி என்னும் ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய நம் ஜனங்கள், உலகத்து மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்கு வேண்டிய ரப்பரை உண்டாக்கித் தந்தவர்களாக இருந்தும், தங்கள் குடும்பம் முழுவதும் ஏறிப் போகத்தக்க ஒரு மோட்டார் வண்டியை வாங்கி வாசலில் நிறுத்துவதற்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். இராஜேந்திர சோழன் கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை, வென்ற வைபவத்தை மேடைதோறும் பேசுகிறவர்கள் நிறைய உண்டு; கடாரத்துத் தமிழன் கோயிலுக்கும் கடைக்கும் போய்வர எந்த வண்டியில் ஏறினான் என்று கேட்பாரைக் காணோம். அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு விஷயம்.

1908ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம்முடைய ‘மாடல் டி’ மோட்டாரை விற்பனைக்கு விட்டதும், மறு வருஷம் ஆங்கிலோ-சயாம் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் வந்ததும், 1910இல் ரப்பர் விலை என்றுமில்லாத உச்சத்தைத் தொட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்த சம்பவங்கள். அவற்றின் பலனாகக் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணியின் பேச்சை நம்பி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து கடல் கடந்து பிறைக்கு வந்தால், 1915இல் அலோர் ஸ்டார் வரை நீண்டுவிட்ட ரயில் பாதை அவர்களைச் சுங்கை பட்டாணியில் இறக்கிவிட்டது. ரயில் நின்ற இடத்தில் சர்க்கார் செய்து வைத்த சௌகரியமும் நின்றது. அதற்கப்பால் மாட்டு வண்டிதான். அதிலும் தட்டுமுட்டுச் சாமான்களும் கைக்குழந்தைகளும் ஏறிக்கொள்ள, மற்றவர்கள் செம்மண் பாதையில் பின்னால் நடந்தார்கள்.

தோட்டத்து ஜனங்கள் ஏறிய முதல் மோட்டார் வாகனம் லோரி. பொழுது விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், தூரத்து ரப்பர்த் தீம்பாருக்குப் போகவேண்டியவர்களை நிற்கவைத்து ஏற்றிக்கொண்டு போன லோரியே பிற்பாடு பால் டிரம்களைச் சுமந்தது. சம்பளம் போட்டபின் சாமான் வாங்குவோரை டவுனுக்குக் கொண்டுபோயிற்று. தைப்பூசம் வந்தால் தேய்த்துக் கழுவப்பட்டு, வாழைக்கன்றும் மாவிலைத் தோரணமும் கட்டிக்கொண்டு பக்தர்களைச் சுமந்தது. ஏறுவதற்கு ஏணி கிடையாது. பின்பலகையை இறக்கிவிட்டதும் ஆண்பிள்ளைகள் டயரில் காலை ஊன்றித் தாவி ஏறுவார்கள். பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேலேயிருந்து நீளும் கையைப் பற்றி ஏறுவார்கள். குழந்தைகள் கைமாறி மேலே போய்ச் சேரும். எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் ரப்பர் பாலின் புளித்த வாடை அந்தப் பலகையை விட்டுப் போவதில்லை. பட்டுப்புடவை உடுத்திய கல்யாணப் பெண்ணும் அந்த வாடையோடுதான் புக்ககம் போனாள்.

இவ்வளவு உபகாரம் செய்த லோரி தோட்டத்துக்குச் சொந்தம் என்பதை மறந்துவிடலாகாது. துரை உத்தரவு கொடுத்தால் லோரி புறப்படும். கொடுக்காவிட்டால் திருவிழா நடந்தே போகவேண்டிய திருவிழாவாகிவிடும். கிராணிமாரும் டிரெஸரும் மோரிஸ் மைனரோ ஆஸ்டினோ வாங்கி ஓட்டிய காலத்தில், பால்மரம் வெட்டியவனுடைய ஐசுவரியம் ஒரு சைக்கிளோடு நின்றது. தனக்குச் சொந்தமான வண்டி என்பதற்குத் தோட்டத்து மனிதன் பிற்காலத்தில் கொடுத்த மதிப்பு, வெளியார் கண்ணுக்கு மிதமிஞ்சியதாகத் தோன்றினால், இந்த உத்தரவுக்குக் காத்திருந்த வருஷங்களை அவர்கள் அறியாததே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். இந்தத் துண்டாடலினின்று தொழிலாளரைக் காக்கும் பொருட்டு 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலாக வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைத்தான் என்பது இவ்வட்டாரத்தார் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விஷயம். எனினும் ஒரு சங்கத்தால் எத்தனை தோட்டங்களைத் தாங்க முடியும்? ரப்பர் வெட்டப்பட்டு எண்ணெய்ப்பனை நடப்பட்டது. பனைக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கென்று தனி வட்டாரம் திறக்கப்பட்டதும், அதைப் பின்பற்றிப் பிறையிலும் சுங்கை பட்டாணியிலும் ஆலைகள் எழுந்ததும், லயத்து வாசலில் விடியற்காலையில் வந்து நின்றது ‘பஸ் கிலாங்’ என்னும் ஆலை பஸ். பெண்மக்கள் அதில் ஏறினார்கள். பையன்கள் தவணையில் ஹோண்டா மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். நாளாவட்டத்தில் குடும்பங்கள் லயத்தை விட்டு டவுனை அடுத்த ‘தாமான்’ என்னும் குடியிருப்புகளில் குடியேறின.

இங்கேதான் வரலாறு ஒரு விநோதமான முடிச்சைப் போட்டது. குடும்பம் பெயர்ந்து வந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்துக் கோயிலும் பெயர்ந்து வரவில்லை. பிள்ளைகள் தினந்தோறும் தாமானிலிருந்து பனங்காட்டு நடுவே பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வேண்டும். ஆடித் திருவிழாவுக்குப் பாட்டி முதல் பேரன் வரை பழைய மாரியம்மன் சந்நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் போகலாம் (சட்டம் ஒப்புக்கொள்ளாது, ஆனாலும் போனார்கள்). ஏழெட்டுப் பேர் போக முடியாது. இந்தத் தேவையிலிருந்து பிறந்ததே கெடாத் தமிழரின் வேன். மேல்நாட்டுக் குடும்ப வேன் வேறு வயிற்றில் பிறந்தது. 1950இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேனையும், 1983இன் இறுதியில் அமெரிக்காவில் கிரைஸ்லர் வெளியிட்ட சிறு வேனையும், மறு வருஷத்துப் பிரெஞ்சு ரெனோ எஸ்பாஸையும் வாங்கிய குடும்பங்களில் பலவற்றுக்கு உல்லாசப் பிரயாணமே பிரதானம். நம்மவர்களுக்கோ வேன் முதலில் சம்பாதிக்க வேண்டும். சம்பாதித்து மிஞ்சிய நேரத்தில் குடும்பத்தைச் சுமக்க வேண்டும்.

அந்தத் தொழிலுக்கு அகப்பட்ட வண்டி நிஸான் வானெட். 1980களிலும் அதன்பின் நெடுங்காலமும் இந்நாட்டிலேயே பூட்டி விற்கப்பட்ட இந்த வேனில் இஞ்சின் முன் ஆசனத்தின் அடியில் இருக்கும். நெடுந்தூரம் ஓட்டினால் ஓட்டுநரின் பின்தொடை வெந்துபோகும். இஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் ஆசனத்தையே தூக்கிச் சாய்க்க வேண்டும். நடு வழியில் ரேடியேட்டர் கொதித்தால், முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் முதலில் எழுந்து ரோட்டில் நிற்க வேண்டியதுதான். ஆயினும் பட்டறைப் பொமன் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத்தக்க எளிய யந்திரம். உதிரிப் பாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைத்தது. பின் சக்கரத்துக்கு விசை போவதால், சுமை ஏற ஏறச் சேற்றுப் பாதையிலும் பிடிமானம் கூடிற்று. காலையில் பள்ளிப் பிள்ளைகள், அவர்களை விட்டதும் இரவு ஷிஃப்ட் முடிந்த ஆலைப் பெண்கள், மத்தியானம் மறுபடி பிள்ளைகள் என்று சுற்றி, மாதத் தவணையைத் தானே அடைத்துவிட்டுச் சாயங்காலத்தில் அது குடும்ப வாகனமாகிவிடும். அவற்றில் சில முறையான உரிமம் பெற்று ஓடின. சில ‘பிரேபெட் சாப்பு’ என்று ஜனங்கள் சொல்லும் திருட்டு டாக்ஸியாக ஓடின. புது வண்டி வந்த அன்று கோயில் வாசலில் நிறுத்தி, கண்ணாடியில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது, பூசாரி தட்டில் காணிக்கை போட்டவர்களில் அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதில்தானே போகப்போகிறார்கள்! 1985இல் பினாங்குப் பாலம் திறந்தபின், தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போக ஃபெரிக்குக் காத்திருக்கும் சிரமமும் தீர்ந்தது.

அதே 1985இல் தேசியக் காராகிய புரோட்டோன் சாகா வெளிவந்தது. அலோர் ஸ்டாரில் பிறந்த பிரதமர் மகாதீரின் கனவு அது என்பதால் கெடா மக்களுக்கு அதன்மேல் தனி வாஞ்சை. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் ஏழைக்கும் எட்டக்கூடிய விலையில் கிடைத்தது, 660 சி.சி. இஞ்சின் கொண்ட அந்தச் சிறு காரில் ஐவர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆனால் பாட்டியும் அத்தையும் வீட்டில் இருந்துவிட நேர்ந்தது. கூட்டுக் குடும்பம் குலைந்ததற்குக் கஞ்சிலும் ஒரு காரணம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது முழு வேடிக்கையாகப் படவில்லை. 1996இல் அதே நிறுவனம் கொண்டுவந்த ரூசா வேன் வானெட்டுக்குத் தம்பிபோல் சிலகாலம் ஓடிற்று.

பிறகு வந்தவை சரக்கு வேனின் சாயல் நீங்கி, காரின் சுகமும் மூன்று வரிசை ஆசனமும் கொண்ட வண்டிகள். இந்தோனேசியாவின் கீஜாங் வம்சத்தில் பிறந்த டொயோட்டா உன்சர் 1998இலும், கொரியாவின் கார்னிவல் வேனுக்குப் புதுப் பெயர் சூட்டிய நாஸா ரியா 2003இலும், டொயோட்டா அவான்சா 2004இலும், நிஸான் கிராண்ட் லிவினா 2007இலும் வந்தன. 2009ஆம் வருஷம் ஏப்ரலில் புரோட்டோன் எக்ஸோராவும் நவம்பரில் பெரோடுவா அல்சாவும் வெளியானபின், தாமான் வீடுகளின் முன்றில்களில் மூன்று வரிசை வண்டி சர்வசாதாரணமாயிற்று. இதில் கெடாவுக்கு நேரான பங்கும் உண்டு: நாஸா நிறுவனம் குரூணில் ஆலை நிறுவியது, கார்களையும் வேன்களையும் பூட்டும் இனோகோம் ஆலை பாடாங் மேகாவில் எழுந்தது. அந்தப் பாடாங் மேகாவின் பெயரை இன்றும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. பாட்டன் பால் எடுத்த வட்டாரத்தில் பேரன் மோட்டார் பூட்டுகிறான்.

இத்தனை சரித்திரமும் வண்டி வாங்கப்போகிறவருக்கு என்ன உபயோகம் என்று கேட்கலாம். உபயோகம் உண்டு. லோரி காலத்திலும் வானெட் காலத்திலும் நம் முன்னோர் ஒரு வண்டியை எடைபோட்ட முறை, இன்றைய விளம்பரத் தாள்களைக் காட்டிலும் நம்பத்தக்கது. எத்தனை பேர் ஏறலாம், சேற்றில் இழுக்குமா, பக்கத்துப் பட்டறையில் பாகம் கிடைக்குமா, தவணையைத் தாங்குமா என்று அவர்கள் கேட்டார்கள். திரையின் அகலத்தைக் கேட்கவில்லை.

இந்த அளவுகோலால் பார்த்தால், நாஸா ரியா விசாலத்தில் மன்னன், எனினும் 2.5 லிட்டர் ஆறு சிலிண்டர் இஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றியும், சி.சி. கூடக் கூட ஏறுகிற சாலை வரி கட்டியும் மாளாது. இன்று அது அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதென்றால் காரணம் இல்லாமல் இல்லை. பழைய எக்ஸோரா விலைக்கு மிஞ்சிய இடவசதி தருவது, நீளம் 4.59 மீட்டர், முதல் அல்சாவின் 4.22 மீட்டரைவிட ஒன்றரைச் சாணுக்குச் சற்று அதிகம்.  ஆனால் டர்போ இஞ்சின் கொண்ட பிற்கால எக்ஸோராவை வாங்குபவர், எண்ணெய்க் கசிவு உண்டா என்று நல்ல பொமனைக் கொண்டு அடியில் குனிந்து பார்க்கச் சொல்ல வேண்டும். உற்பத்தி நின்றுவிட்ட வண்டி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதல் அல்சா செலவு குறைந்தது, பாகம் எங்கும் கிடைப்பது. ஆனால் ஏழு பேர் ஏறினால் பெட்டி வைக்க இடமிராது. தோட்டத்துப் பள்ளிக்கும் கோயிலுக்கும் இன்னும் மண்பாதையில் போய்வருகிற குடும்பத்துக்கு, வானெட்டைப்போலப் பின் சக்கர விசையுடைய பழைய அவான்சாவே உகந்தது என்பேன். குலுங்கும், குலுங்கட்டும்.

புதிதாக வாங்க வல்லவர்க்கு, 2022 ஜூலையில் 62,500 ரிங்கிட் முதல் 75,500 ரிங்கிட் வரையான விலையில் வெளிவந்த இரண்டாம் அல்சா இன்றைய நிலையில் நியாயமான தேர்வு. அதற்கும் ஓர் எச்சரிக்கை: மாதத் தவணை சிறுக்கவேண்டுமென்று கடனை ஒன்பது வருஷத்துக்கு நீட்டுகிறவர்கள், பள்ளிக்கூட ஓட்டத்தால் தன் கடனைத் தானே அடைத்த வானெட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றைய வண்டி சம்பாதிப்பதில்லை; சம்பளத்திலிருந்துதான் தின்கிறது. நான்கு பேருள்ள வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு விசேஷ நாள் தவிர மூன்றாம் வரிசை வேண்டியிராது என்றால், அந்த நாளுக்கு வேன் வாடகைக்குப் பிடிப்பது லாபம்.

பழைய வண்டியே வாங்குவதென்று தீர்மானித்தவர்கள் பெயர் மாற்றத்துக்குரிய பரிசோதனையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். வண்டி சட்டப்படி சரியாயிருக்கிறதா என்பதே அதன் கவலை, உங்கள் வீட்டுப் பெரியவரின் முழங்கால் அதன் கவலையன்று. முன்பணம் கொடுக்குமுன் அந்தப் பெரியவரை அழைத்துப்போய் மூன்றாம் வரிசையில் உட்காரவையுங்கள். வீட்டார் அனைவரையும் ஏற்றி, ஏர்கோனைப் போட்டு, ஏற்றமான ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கடைசி வரிசைக்குக் காற்று வருகிறதா என்று அவரையே கேளுங்கள். விற்பவர் இதற்குச் சம்மதியாவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.