ஃபிரிஸ்பீ வீச எங்கே போகலாம்? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

லீவு விட்டாச்சு, பிள்ளைகளுக்கு ஃபிரிஸ்பீயும் வாங்கிக் கொடுத்தாச்சு. எங்கே வீசுவது? தெருவில் வீசினால் முதல் நாளே பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துவிடும்.

டிஸ்க் கோல்ஃப் என்றால் என்ன?

கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. குறைவான வீச்சில் தட்டைக் கூடைக்குள் போடுபவருக்கே வெற்றி. இதற்கான முதல் நிரந்தர மைதானத்தை 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்தவர் எட் ஹெட்ரிக். அவர் 2002-ல் இறந்தபோது, அவரது விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் தயாரித்தார்கள்!

சென்னையில் அதிகம் விளையாடப்படுவது இதன் பங்காளியான அல்டிமேட். புல்தரையில் அணிக்கு 7 பேர், மணலில் 5 பேர். தட்டு கையில் இருக்கும்போது ஓடக்கூடாது. பொதுவாக நடுவர் கிடையாது, ஃபவுல் ஆனால் வீரர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடலாம்.

நம்ம ஏரியாவில் இடம் இருக்கா?

ஆவடியில் காலி நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பகுதி கனரக வாகன தொழிற்சாலை உள்ளிட்ட பாதுகாப்புத் துறை வளாகங்களுக்குள் இருக்கிறது. வெளியாட்கள் நினைத்தபடி நுழைய முடியாது. பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா நடைப்பயிற்சிக்கு அருமையான இடம், தட்டு வீச அல்ல. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் நடப்பவர்கள்.

கோடையில் வற்றிய ஏரிகளில் பசங்க கிரிக்கெட் ஆடுவது வழக்கம். இங்கேதான் உஷார் தேவை. மண் அள்ளிய பள்ளங்கள் ஒரே மழையில் நிரம்பிவிடும், மேலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. தட்டு அதில் விழுந்தால் விட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய் பொருளுக்காக இறங்க வேண்டாம். குடிநீர் ஏரியான செம்பரம்பாக்கத்துக்கும் இதே கதைதான்.

பாதுகாப்பான வழி, அனுமதி வாங்கி பள்ளி மைதானத்தில் ஆடுவது. கூடை இல்லாவிட்டால் என்ன? மரத்தையோ வாளியையோ இலக்காக வைத்து எத்தனை வீச்சில் தொடுகிறோம் என்று எண்ணினால் அதுவே டிஸ்க் கோல்ஃப்தான். கூடை வருவதற்கு முன் அமெரிக்காவிலும் இப்படித்தான் ஆடினார்கள்.

பீச்சுக்குப் போவதென்றால்?

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் சரியான சாய்ஸ். ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்தால் திருவான்மியூர். அங்கிருந்து பஸ், ஆட்டோ. பூந்தமல்லிக்காரர்கள் போரூர், கிண்டி, அடையாறு வழியாக வரலாம்.

காலையில் சீக்கிரம் போங்கள். கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு. மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பும். எதிர்க்காற்றில் தட்டு மேலே தூக்கும், பின்காற்றில் சட்டென்று இறங்கும்.

மாமல்லபுரம் டூர் போகிறவர்கள் கவனிக்க: கடற்கரைக் கோயில் புல்வெளி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, அங்கே விளையாடக்கூடாது. மணல் பக்கம் போனாலும், படகு நிற்கும், வலை காயும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்தத் தட்டு வாங்கலாம்?

அல்டிமேட் தட்டு 175 கிராம், விளிம்பு மழுங்கலாக இருக்கும். டிஸ்க் கோல்ஃப் தட்டு சின்னது, விளிம்பு கூர்மை, வேகமும் அதிகம். முகத்தில் பட்டால் கிழித்துவிடும். ஞாயிறு மாலை பீச் கூட்டத்தில் அதை வெளியே எடுக்கவே வேண்டாம்.