கட்டுமரமும் அதன் சிற்றுருவும்



ஆவணித் திங்கள் ஆயிலிய நாள், அதிபத்த நாயனாரின் குருபூசை நாள். நாகையில் அன்று பொன்மீனைக் கடலில் விடும் விழா நிகழ்கின்றது. பரதவர் குலத்துதித்த அப்பெருமகனார், நாள்தோறும் வலையில் முதலிற்பட்ட மீனைச் சிவபெருமானுக்கென்றே கடலில் விட்டவர். ஒரு மீனே கிடைத்த வறுமையிலும் அதனை விட்டார். பொன்மீனே கிட்டியபொழுதும் விட்டார். அவர் திறம் பேசுவோர் பலர். அக்குலத்தார் நெடுங்காலம் கடலேறிச் சென்ற கலத்தை எண்ணுவோர் சிலரே. இன்று அதனையே யாம் பேசப் புகுகின்றோம்.

கட்டுமரம் என்னும் பெயரே அதன் இலக்கணம். சோழமண்டலக் கரையில் எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் கட்டினர். நடுமரம் தாழ்ந்திருக்கும், பக்க மரங்கள் உயர்ந்திருக்கும். அலை மேலேறினும் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். நீரூறிய மரம் கனக்குமன்றோ? இக்கலத்தைக் கண்டெழுதிய ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் தம் நூலை 1697-இல் வெளியிட்டார். நம் கட்டுமரமே ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆயிற்று.

மரம் மட்கும், கயிறு இற்றுப்போம். ஆதலின் பழங்கலங்களின் வடிவைக் காக்க அறிஞர் இரு வழி கண்டனர். ஒன்று எழுத்து. சென்னை மாகாண மீன்துறையின் தலைவராய் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பை ஆராய்ந்து 1920-இல் எழுதினார். மற்றொன்று சிற்றுரு. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பாரி என்பார் கீழ்நாட்டுக் கலங்களை அளந்து வரைந்தவர். 1871 முதல் 1893-இல் மறையும் வரை பாரிசு நகரக் கடற்படைக் காட்சியகத்தின் காப்பாளராய் இருந்து, பல கலங்களுக்கு மாதிரிகள் செய்வித்தார்.

சிற்றுரு விளையாட்டுப் பொருளன்று. இருபதடி மரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் இரண்டடி. அகலமும் கனமும் அவ்வாறே குறைதல் வேண்டும். அப்பொழுது எடை ஆயிரத்தில் ஒன்றாகும். சிற்பியின் தாலக் கணக்கை எண்ணுங்கள்: திருமேனி சாண் அளவாயினும் ஆள் உயரமாயினும் அங்கங்களின் விகிதம் ஒன்றே. விகிதம் பிழைத்தால் உருப் பிழைக்கும்.

கடற்கரை ஊர் ஒன்றில் யாம் விரிவுரை செய்தபொழுது, முதிய மீனவர் ஒருவர் தம் கையாற் செய்த சிறு கட்டுமரத்தைக் கொணர்ந்து காட்டினார். “எதனால் ஒட்டினீர்கள், ஐயா?” என வினவினோம். அவர் நகைத்து, “ஒட்டினால் அது கட்டுமரம் ஆகுங்களா, சாமி?” என்றார். முடிச்சை அவிழ்த்தார், மரங்கள் தனித்தனியே வீழ்ந்தன. அருகிருந்த பேரனை நோக்கி, “கட்டு” என்றார். பிள்ளை விழித்தான். முதியவர் அவன் கைமேல் தம் கையை வைத்து மெல்லக் கட்டுவித்தார். அன்று யாம் சொன்னதினும் அவர் செய்ததே சிறந்த விரிவுரை.

1980-களில் படகின் புறத்தே பொருத்தும் இயந்திரம் பரவிற்று. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் பைபர் படகுகள் பெருகின. உயிருக்கும் பிழைப்புக்கும் ஏற்றதை மீனவர் கொண்டனர். அதனைக் குறை கூறல் அறமன்று. ஆயினும் மரம் போனால் அதனைக் கட்டிய கையறிவும் உடன்போகும். கண்ணாடிப் பேழையிலுள்ள சிற்றுரு வடிவைக் காக்கும். முடிச்சைக் காப்பது அவிழ்த்துக் கட்டும் கை ஒன்றே.

ஆதலின் அன்பர்காள்! உங்கள் ஊரில் கட்டுமரம் கட்டத் தெரிந்த முதியவர் இருப்பின், பிள்ளைகளை அவர்பால் அனுப்புங்கள். சிறிதாக ஒன்று செய்து பழகட்டும். பொன்மீனைக் காண வரும் கண்கள், மீன் தேடிச் சென்ற மரத்தையும் காணட்டும்.

திருச்சிற்றம்பலம்.