கத்திக்குப் பின் வரும் ஆண்டுகள்

ஏலாக்குறிச்சித் திருத்தலத்திற்குச் சென்று வந்தோர் அனைவரும் அரியலூர் மழவராயரின் இராசபிளவையைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பர். எவராலும் ஆற்ற இயலாத அக்கட்டியை வீரமாமுனிவர் ஆற்றினார் என்பதும், மன்னர் நன்றிக்கடனாக நிலம் வழங்கினார் என்பதும் வழிவழியாக வரும் மரபு. மன்னரின் நோயாதலால் அது நினைவில் நின்றது. பிறருக்குக் காட்டக்கூடிய இடத்தில் வந்த நோயாதலாலும் நின்றது என்று நமக்குத் தோன்றுவதுண்டு. இன்னும் சற்றுக் கீழே வந்திருந்தால் மழவராயரும் வாய் திறந்திருக்க மாட்டார்.

நம் பங்கில் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஞாயிறுதோறும் முன் வரிசையில் அமர்பவர், திடீரென வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை காணத் தொடங்கினார். எவருடனோ மனத்தாங்கல் என்றே நாம் எண்ணினோம். ஓராண்டு கழிந்த பின்னரே, தமக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டதையும், நகரத்து மருத்துவமனை ஒன்றில் அச்சுரப்பியை முழுவதும் அகற்றியதையும், அன்று முதல் இருமினாலும் தும்மினாலும் வேட்டி நனைவதையும் தலை குனிந்தபடி சொன்னார். "கட்டியை எடுத்தாச்சுன்னு சொன்னாங்க சாமி. இது எத்தனை வருசத்துக்குன்னு யாரும் சொல்லலை" என்றார். அவருக்கு விடை கூற நம்மிடமும் ஒன்றும் இருக்கவில்லை. அதன் பிறகே நாம் இதைப் பற்றித் தேடிப் படிக்கலானோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்து கொள்ள வேண்டும். சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து, ஒரு பாக்கு அளவில் அமைந்தது இச்சுரப்பி. முதுமையில் இது புற்று இன்றியும் வீங்கி நீரை அடைக்கும். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து வட இந்தியாவில் இருபது ஆண்டுகள் கல்லடைப்புக்குச் சிகிச்சை செய்த பீட்டர் ஃப்ரேயர் என்ற அயர்லாந்துக்காரர், இலண்டன் சென்று 1900-இல் இவ்வீக்கத்தை அடிவயிற்றின் வழியே அகற்றிப் புகழ் பெற்றார். (இராம்பூர் நவாப் அவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் கொடுத்துவிட, அரசாங்கம் அதைப் பொறுக்காமல் சினந்தது தனிக் கதை.) இம்முறையில் உள்வீக்கம் மட்டுமே எடுக்கப்படும், தோடு உள்ளேயே தங்கிவிடும். அத்தோட்டில் பின்னாளில் புற்று எழக்கூடும். "அப்பாவுக்கு முன்னமே ஆபரேஷன் ஆயிற்று, இனி அச்சமில்லை" என்று நம் ஊர்களில் சொல்லப்படுவது பிழை.

புற்றுக்காகச் சுரப்பியை முழுவதுமாக அகற்றும் முறையை 1904-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் தொடங்கி வைத்தார். 1947-இல் டெரன்ஸ் மில்லின் அடிவயிற்றின் வழியே அதனைச் செய்யும் முறையைக் காட்டினார். எவ்வழியாயினும் நோயாளிகள் மூன்று துன்பங்களுக்கு உள்ளாயினர்: கட்டுக்கடங்காத குருதிப்போக்கு, நீர்க்கசிவு, இல்லற வாழ்வுக்கான ஆற்றலின் இழப்பு. இம்மூன்றும் உயிர் பிழைப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்றே முக்கால் நூற்றாண்டுக் காலம் மருத்துவ உலகம் நம்பியது.

அந்நம்பிக்கை தகர்ந்த வரலாறு சுவையானது. அதே பால்டிமோரில் பாட்ரிக் வால்ஷ் என்பார் முதலில் குருதிப்போக்கை அடக்கும் வழியைக் கண்டார். 1977-இல் அவரிடம் அறுவை செய்துகொண்ட ஒருவர், தம் இல்லற ஆற்றல் மீண்டுவிட்டதாகத் தெரிவித்தார். ஒருவருக்கு மீளுமாயின் ஏனையோருக்கு ஏன் மீளவில்லை? 1981-இல் வால்ஷ் நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்றார். அங்கே ஓய்வுபெற்ற பேராசிரியரான பீட்டர் டோங்கர், இறந்து பிறந்த ஆண் குழந்தையின் உடலில் நரம்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். முதியோர் சடலங்களில் புலப்படாத மெல்லிய நரம்புகள் சிசுவின் உடலில் தெளிவாகத் தெரிந்தன. அவை சுரப்பிக்குள் ஓடவில்லை. அதன் புறத்தே இரு மருங்கிலும் ஓடின. அவற்றை ஒதுக்கிக் காக்க இயலும் என்று இருவரும் உணர்ந்தனர். 1982 ஏப்ரல் 26 அன்று 52 வயதினர் ஒருவருக்கு வால்ஷ் அவ்வாறே அறுவை செய்தார். உலகின் ஒளியையே காணாத ஒரு சிசு, எத்தனையோ முதியவர்களின் பிற்கால வாழ்வைக் காத்தது. நாம் இதைப் படித்த இரவு நெடுநேரம் உறங்கவில்லை.

பின்னர் இயந்திரக் கரங்கள் வந்தன. புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்று பால்டிமோரில் பயிற்சி பெற்ற மணி மேனன், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெட்ராயிட் நகரில் இம்முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர்.

எனினும் நம் பெரியவரின் வினா கருவியைப் பற்றியதன்று, ஆண்டுகளைப் பற்றியது. அதற்கு விடையளிக்க ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து நாடுகளில் 695 ஆண்கள் முன்வந்தனர். 1989 முதல் 1999 வரை இவர்களைச் சீட்டுப் போடுவது போல இரு பிரிவாக்கி, 347 பேருக்கு அறுவை செய்தனர். 348 பேரைச் செய்யாமலே கவனித்து வந்தனர். 29 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்நோயால் மாண்டோர் முதற்பிரிவில் 71 பேர், மறுபிரிவில் 110 பேர். சராசரியாகக் கிட்டிய கூடுதல் ஆயுள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் நீர்க்கசிவு உற்றோர் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 41, மறுபிரிவில் 11. இல்லற ஆற்றல் குறைந்தோரோ 84, 80 என ஏறக்குறைய சமமாகவே இருந்தனர். அறுவையைத் தவிர்த்தவர்களிடமும் முதுமையும் நோயும் தம் பங்கை வாங்கிக்கொண்டன.

இங்கிலாந்தின் ஆய்வு வேறுபட்டது. பிஎஸ்ஏ என்னும் இரத்தச் சோதனையால் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்ட 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்தனர். 2023-இல் வெளியான 15 ஆண்டு முடிவில், எப்பிரிவிலும் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு மூவர் அளவே. ஆனால் கண்காணிப்பில் இருந்தோரிடம் நோய் பரவியது நூற்றுக்கு 9, அறுவையுற்றோரிடம் 5. அறுவைக்குப் பின் ஆறாம் மாதத்தில் கசிவுக்காகத் திண்டு அணிந்தோர் நூற்றுக்கு 46. அது பின்னர்ப் பெரிதும் குறைந்து, முதுமை ஏற ஏற மீண்டும் கூடிப் பன்னிரண்டாம் ஆண்டில் 24 ஆயிற்று.

இவ்விரண்டில் நம் மக்களுக்கு அண்மையது எது? வடநாட்டாரின் முதலாய்வே என்பது நம் கருத்து. அதில் இருந்தோரில் மிகப் பலர் இரத்தச் சோதனை பரவுமுன், கட்டி கைக்குத் தட்டுப்பட்டோ தொல்லை கண்டோ வந்தவர்கள். நம்மவரும் அவ்வாறே தாமதித்துத்தான் வருகின்றனர். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022-இல்தான். அதற்கு முன் இத்தகைய நோய்க்குத் திருச்சிக்கோ தஞ்சைக்கோ போக வேண்டும். வெங்காய அறுவடையை விட்டுவிட்டு எவர் போவார்? எலும்புக்குப் பரவிய பின் வருவோருக்குச் சுரப்பியை அகற்றுவது வழக்கமான வழியன்று. 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் கண்டறிந்தபடி ஆண் இயக்குநீரை அடக்குவதே அடிப்படைச் சிகிச்சை.

அறுவை முடிந்தோருக்கும் ஒரு செய்தி உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அறுவையுற்ற 1,997 பேரைப் பற்றி 1999-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 15 பேருக்குப் பிஎஸ்ஏ மீண்டும் ஏறியது. ஏறிய பின், இயக்குநீர்ச் சிகிச்சை இன்றியே, நோய் பரவ இடைப்பட்ட காலம் எட்டு ஆண்டுகள். ஆகவே அளவு ஏறியது என்றதும் சவப்பெட்டிக்குச் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. சோதனையை நிறுத்திவிடவும் கூடாது.

இவற்றையெல்லாம் எளிய சொற்களில் பெரியவரிடம் கூறினோம். இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஒரு செவிலியர் அவருக்குக் கற்பித்தார். சில மாதங்களில் கசிவு பாதியானது, முற்றும் நிற்கவில்லை. மேலும் ஒன்று சொன்னோம்: உடன்பிறந்தவனுக்கு இந்நோய் வந்தால் மற்றவனுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. அவருக்கு 66 வயதில் ஒரு தம்பி. இரவில் ஐந்தாறு முறை எழுபவர், சர்க்கரைதான் காரணம் என்று சாதிப்பவர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், அந்த வேப்பமரத்தடியில் அண்ணன் தம்பியிடம் பேசுவதைக் கண்டோம். ஓராண்டுக் காலம் மனைவியன்றி எவரிடமும் சொல்லாததை, வேட்டியைத் தொட்டுக் காட்டியே சொன்னார். தம்பி நெடுநேரம் தரையைப் பார்த்தபடி நின்றார். செவ்வாயன்று விடியற்காலைத் திருச்சிப் பேருந்தில் இருவரும் ஏறினர். அண்ணனின் துணிப்பையில் சோற்றுப் பொட்டலத்தோடு இரண்டு மாற்று வேட்டிகள் இருந்தன.